ஓவியக்கூடத்துக்கு எந்த டியூப்லைட்?

இரவில் விளக்கொளியில் தீட்டிய படத்தைக் காலையில் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தால் அது வேறு படமாகத் தெரிவது ஓவியம் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். மென்மையாக இருந்த மஞ்சள் கண்ணைப் பறிக்கிறது. கன்னத்தில் இட்ட சிவப்பு அளவுக்கு மீறி எரிகிறது. ஒன்றுபோல் இருந்த இரண்டு சாம்பல்களில் ஒன்று பச்சைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. புதிதாகத் தொடங்கியவர்கள் இதைத் தங்கள் கையின் குறையாக எடுத்துக்கொண்டு மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை தலைக்கு மேல் எரிந்த விளக்கில்தான் இருக்கிறது. நல்ல தூரிகைக்கும் நல்ல வண்ணத்துக்கும் தேடி அலைபவர்கள்கூட விளக்கு என்று வரும்போது கைக்குக் கிடைத்த டியூப்லைட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அந்த வண்ணங்கள் எல்லாவற்றையும் நமக்குக் காட்டுவதே அந்த விளக்குதான்.

டியூப்லைட் 1938இல் விற்பனைக்கு வந்தது. நீளமான குழலிலிருந்து ஒளி பரவலாக விழுவதால் நிழல் மென்மையாக இருக்கும். கையின் நிழலும் தூரிகையின் நிழலும் கித்தானில் கூர்மையாக விழுந்து தொல்லை கொடுக்காது. வெப்பமும் குறைவு. இந்தக் குணங்கள் ஓவியருக்கு மிகவும் பொருந்துபவை. ஆனால் எல்லா டியூப்லைட்டும் ஒன்றல்ல. ஒரே நீளம், ஒரே வாட், எரியும்போது ஒரே வெண்மை என்று பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய இரண்டு குழல்களின் கீழ் ஒரே சிவப்பு இரண்டு விதமாகத் தெரியக்கூடும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

குழலுக்குள் நடப்பது

குழலுக்குள் மிகச் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி ஒளிவிடுகிறது. அந்த ஒளியில் பெரும்பகுதி, 254 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர். குழலின் உட்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடிக்கு பாஸ்பர் என்று பெயர். அது புற ஊதாக்கதிரை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஆக, நாம் காணும் ஒளியின் தரம் முழுக்க முழுக்க அந்தப் பொடியின் தரம். விளக்குக்கு விளக்கு வேறுபாடு வருவது இங்கேதான்.

பழைய வகைக் குழல்களில் கால்சியம் ஹாலோபாஸ்பேட் என்ற பொடி இருந்தது. இது 1942இல் கண்டுபிடிக்கப்பட்டது. மஞ்சள், நீலம் ஆகிய இரண்டு அகன்ற பட்டைகளைக் கலந்து வெள்ளைபோல் காட்டும் ஒளி அதிலிருந்து வரும். சிவப்பு மிகக் குறைவு. பழைய அலுவலகங்களில் எல்லோருடைய முகமும் சோகை பிடித்ததுபோல் வெளிறித் தெரிந்ததற்கு இதுவே காரணம். பிறகு வந்தவை முப்பாஸ்பர் குழல்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பொடிகளைக் கலந்து பூசினார்கள். வெளிச்சம் கூடியது, நிறமும் மேம்பட்டது. ஆனால் அந்த மூன்றும் ஒல்லியான பட்டைகள். சிவப்புப் பொடியின் ஒளி பெரும்பாலும் 611 நானோமீட்டரை ஒட்டியே குவிந்திருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள ஆழ்ந்த சிவப்பு மிகவும் சொற்பம். அலிசரின் கிரிம்சன் போன்ற ஆழ்சிவப்பு வண்ணத்துக்குத் திருப்பி அனுப்ப அங்கே போதிய ஒளியே இல்லை. அதனால் அது உயிரில்லாமல் கிடக்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பு விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். குழலிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. மெல்லச் சாய்க்கும்போது வானவில் விரியும். மெழுகுவத்திச் சுடரையோ பழைய குண்டு பல்பையோ இப்படிப் பார்த்தால், சிவப்பிலிருந்து ஊதா வரை நிறங்கள் இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். சாதாரண முப்பாஸ்பர் டியூப்லைட்டில் அப்படி இருக்காது. கூர்மையான பச்சைக் கோடு ஒன்று தனியாக நிற்கும். ஆரஞ்சுச் சிவப்பு ஒன்று தனியாக நிற்கும். நீலமும் ஊதாவும் தனித்தனியாக இருக்கும். நடுவில் இருட்டான இடைவெளிகள். உங்கள் வண்ணத்தட்டில் உள்ள எந்த நிறத்தின் உயிர் அந்த இருட்டு இடைவெளியில் இருக்கிறதோ, அந்த நிறத்தை அந்த விளக்கு உங்களுக்குக் காட்டாது. இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு சோதனை அதிகம் கற்றுக்கொடுக்கும். தயவுசெய்து செய்து பாருங்கள்.

கெல்வின் வேறு, நிறங்காட்டும் திறன் வேறு

விளக்கின் அட்டையில் இரண்டு செய்திகள் இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே தொடக்கநிலையில் நேரும் பெரிய சிக்கல்.

முதலாவது, நிற வெப்பநிலை. கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். விளக்கின் வெண்மை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இது சொல்கிறது. 2,700 கெல்வின் என்றால் குண்டு பல்பின் மஞ்சள் சாய்ந்த வெண்மை. 4,000 நடுநிலையான வெண்மை. 5,000 நண்பகல் வெயிலை ஒட்டியது. 6,500 மேகம் மூடிய வானத்தின் நீலம் கலந்த வெண்மை. எண் கூடக்கூட நீலம் கூடும். இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவந்து, மேலும் சூடேற ஏற வெளுப்பதைப் போன்றது இது. சூடு அதிகமானால் குளிர்ச்சியான நிறம் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். பழகிவிடும்.

இரண்டாவது, நிறங்காட்டும் திறன். சி.ஆர்.ஐ. அல்லது ஆர்.ஏ. என்று குறிப்பிடுவார்கள். உச்ச அளவு 100. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறை இது. குறிப்பிட்ட எட்டு நிற மாதிரிகளைச் சோதிக்கும் விளக்கின் கீழும், அதே கெல்வின் கொண்ட மாதிரி ஒளியின் கீழும் ஒப்பிட்டு, எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டுச் சராசரி எடுப்பார்கள். 80க்கு மேல் என்றால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போதும். ஓவியருக்கு 90க்குக் கீழே வேண்டாம்.

சராசரி என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த எட்டு மாதிரிகளும் மென்மையான, வெளிறிய நிறங்கள். அழுத்தமான சிவப்பு அவற்றில் இல்லை. அது ஆர்9 என்ற பெயரில் தனியாக அளக்கப்படுகிறது, சராசரியில் சேர்வதில்லை. 80க்கு மேல் ஆர்.ஏ. உள்ள குழலில்கூட ஆர்9 மிகத் தாழ்வாக இருக்கலாம். பழைய ஹாலோபாஸ்பேட் குழல்களில் அது பூச்சியத்துக்கும் வெகு கீழே போகும். மனிதத் தோலின் நிறத்தில் சிவப்பின் பங்கு பெரிது. எனவே முகச்சித்திரம் தீட்டுபவர்கள் ஆர்9 எவ்வளவு என்று தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். 2015இல் வெளிவந்த டிஎம்-30 என்ற புதிய முறையில் 99 நிற மாதிரிகளை வைத்து அளக்கிறார்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளில் அந்த எண் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்த இரண்டில் எது முக்கியம்? என் பதில் தெளிவானது: நிறங்காட்டும் திறன். அறை முழுக்க ஒரே விளக்கொளி இருந்தால், சில நிமிடங்களில் கண் அந்த வெண்மைக்குப் பழகிவிடும். கொஞ்சம் மஞ்சளாக இருந்தாலும் கொஞ்சம் நீலமாக இருந்தாலும் வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே தெரியத் தொடங்கும். நிறமாலையில், அதாவது குறுந்தகட்டில் விரிந்த அந்த வானவில்லில், உள்ள ஓட்டையை மட்டும் கண்ணால் இட்டு நிரப்ப முடியாது. விளக்கில் இல்லாத சிவப்பைக் கண் எங்கிருந்து கொண்டுவரும்?

மூன்று இலக்கத்தைப் படிப்பது எப்படி

குழலின் ஓரத்தில், உலோகத் தொப்பியை ஒட்டி, சிறிய எழுத்தில் வாட் எண்ணும் அதன் பின்னால் மூன்று இலக்க எண்ணும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். 840, 865, 950, 965 என்று இருக்கும். முதல் இலக்கம் நிறங்காட்டும் திறன்: 8 என்றால் 80களில், 9 என்றால் 90க்கு மேல். அடுத்த இரண்டு இலக்கங்கள் கெல்வின்: 40 என்றால் 4,000, 65 என்றால் 6,500. அவ்வளவுதான்.

இப்போது 765 என்ற குழலையும் 965 என்ற குழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டும் 6,500 கெல்வின். இரண்டின் அட்டையிலும் பகல் வெளிச்சம் என்றே எழுதியிருக்கும். எரியவிட்டால் இரண்டும் ஒரே வெண்மை. ஆனால் ஒன்றின் நிறங்காட்டும் திறன் 70களில், மற்றதன் திறன் 90க்கு மேல். பகல் வெளிச்சம் என்ற பெயரை நம்பி 765ஐ வாங்கியவர், பகலில் தெரியும் நிறங்களும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வார். கிடைக்காது. முழு நிறமாலை விளக்கு என்று அட்டையில் போட்டிருப்பதும் இப்படித்தான். அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

90க்கு மேற்பட்ட குழல்களில் வெளிச்சம் சற்றுக் குறைவு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 36 வாட் கொண்ட 840 குழல் சுமார் 3,350 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) தரும். அதே வாட்டில் 950 அல்லது 965 வாங்கினால் 2,300 முதல் 2,900 லூமன் வரையில்தான் கிடைக்கும். நிறமாலையை நிரப்புவதற்குக் கொடுக்கும் விலை அது. ஒரு குழல் கூடுதலாக மாட்டினால் சரியாகிவிடும்.

ஒளி மாறினால் பிரியும் நிறங்கள்

ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறு விளக்கின் கீழ் வேறாகத் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஓவியருக்கு இது புத்தகச் சொல் இல்லை, தினசரிப் பிரச்சினை. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் வெள்ளையோடு கலந்து ஒரு சாம்பல் நிறம் செய்யுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து இன்னொரு சாம்பல் செய்யுங்கள். இரவு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை துளித்துளியாகச் சேர்த்துச் சரிசெய்து, ஒரே அட்டையில் அருகருகே தீற்றிக் காயவிடுங்கள். பிறகு அந்த அட்டையை ஜன்னலுக்கும், வீட்டில் உள்ள மஞ்சள் விளக்குக்கும் எடுத்துப்போய்ப் பாருங்கள். ஒட்டியிருந்த இரண்டும் விலகத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், ஒளியின் எந்தெந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகின்றன என்பதில் அவை இரண்டும் வேறு வேறு. விளக்கு மாறும்போது அந்த வேறுபாடு வெளியே வந்துவிடுகிறது.

நிறமாலையின் இடைவெளிகள் எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு நியோடிமியம் சேர்த்த கண்ணாடி நல்ல உதாரணம். பகல் வெளிச்சத்தில் இளம் ஊதாவாக இருக்கும் அது, சாதாரண டியூப்லைட்டின் கீழ் வெளிர் நீலமாகிவிடும். வண்ணங்களில் இவ்வளவு நாடகம் நடக்காது. ஊதா வகைகளும் கலவைச் சாம்பல்களும் ஓரளவுக்கு இடம் மாறத்தான் செய்யும்.

படத்தை வாங்குபவரின் வீட்டில் எந்த விளக்கு எரியும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே இந்தப் பிரச்சினையை முழுவதும் ஒழிக்க முடியாது. நிறமாலை நிறைந்த விளக்கின் கீழ் வேலை செய்தால், பகல் வெளிச்சத்துக்கும் நம் விளக்குக்கும் இடையிலாவது நிறங்கள் பெரிதாக விலகாது. முடித்த படத்தைச் சுவரில் மாட்டும் முன் ஒருமுறை மஞ்சள் விளக்கின் கீழும் பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

950ஆ, 965ஆ?

ஓவியக்கூடத்தின் பழைய மரபு வடக்கு ஜன்னல். வட அரைக்கோளத்தின் வடபகுதி நாடுகளில் வடக்கு ஜன்னல் வழியே வெயில் நேராக நுழைவது அரிது. வானத்தின் ஒளி மட்டும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வரும். தென் அரைக்கோளத்தில் இதுவே தெற்கு ஜன்னல். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறுபகுதியில் தெற்கேயும் செல்வதால் இந்த மரபு அப்படியே செல்லாது. வானொளி நீலம் கலந்தது. அதைப் பின்பற்ற நினைப்பவர்கள் 965ஐத் தேர்கிறார்கள். சாயத்தொழிலிலும் துணித்தொழிலிலும் நிறம் ஒப்பிடும்போது இதை ஒட்டிய டி65 என்ற ஒளியே அளவுகோல். அச்சுத் தொழிலில் அளவுகோல் 5,000 கெல்வினை ஒட்டிய டி50. ஐரோப்பாவின் உள்ளரங்க ஒளியூட்டல் தரமான இஎன் 12464-1, கலைப் பள்ளிகளின் ஓவிய அறைகளுக்கு 5,000 முதல் 6,500 கெல்வின் வரையிலான ஒளியையும், 90 ஆர்.ஏ.வையும், 750 லக்ஸ் (பரப்பில் வந்து விழும் ஒளியின் அளவு) வெளிச்சத்தையும் சொல்கிறது. ஆக, இரண்டு எண்களுமே அந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

நான் 950 பக்கம். வானத்தின் 6,500 கெல்வின் அழகாக இருப்பதற்குக் காரணம் அங்கே வெளிச்சம் பல்லாயிரம் லக்ஸ். அறைக்குள் சில நூறு லக்ஸில் அதே நீல வெண்மை பலருக்கு மந்தமாக, மழை இருட்டுபோல் தோன்றுகிறது. 1941இல் குரூய்தோஃப் என்ற இயற்பியலாளர் இந்தத் தொடர்பை ஒரு வரைபடமாகவே வெளியிட்டார். பிற்கால ஆய்வுகள் அதை முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், இரவில் நான்கைந்து மணி நேரம் 6,500இன் கீழ் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் சாரம் புரியும். இன்னொரு காரணம், படம் கடைசியில் போய்ச் சேரும் இடம். பெரும்பாலான வீடுகளில் விளக்கு 2,700 முதல் 4,000 கெல்வினுக்குள் இருக்கும், பகலில் ஜன்னல் வெளிச்சம் அதற்கு மேலே. 5,000 இவற்றுக்கு நடுவில் நிற்பதால், எந்தப் பக்கம் போனாலும் படம் அதிகம் தடம் மாறாது.

827, 830 போன்ற மஞ்சள் குழல்கள் தீட்டும் வேலைக்கு வேண்டாம். மஞ்சள் ஒளியில் மஞ்சள் வண்ணமும் வெள்ளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், நீலம் இருண்டுவிடும். கை தன்னையறியாமல் மஞ்சளைக் கூட்டும், நீலத்தை வெளுக்க வைக்கும். காலையில் படம் கத்துவது அதனால்தான். பகலில் ஜன்னலொளியும் இரவில் விளக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் 965 ஒருவேளை பொருந்தும். இரண்டுக்கும் இடையே தாவல் குறைவாக இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் அறையில் உள்ள எல்லாக் குழல்களும் ஒரே எண்ணாக இருக்கட்டும். ஒரு பக்கம் 840, மறுபக்கம் 965 என்று கலந்தால் நிழல்களில் மஞ்சளும் நீலமும் படிந்து, எது வண்ணம் எது விளக்கு என்று பிரிக்க முடியாமல் போகும்.

சோக்கும் சிமிட்டலும்

குழலின் பருமனை டி என்ற எழுத்தோடு ஓர் எண் சேர்த்துக் குறிப்பார்கள்: டி12 என்றால் 38 மில்லிமீட்டர் பருமன், டி8 என்றால் 26, டி5 என்றால் 16. பழைய கனமான சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட சட்டத்தில் குழல் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது, 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 120 முறை. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலியும் கண் களைப்பும் வரும். எலெக்ட்ரானிக் சோக் குழலை நொடிக்கு 20,000 முறைக்கு மேல் இயக்குவதால் அந்தச் சிமிட்டல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, ரீங்கார ஓசையும் இருக்காது. நீண்ட நேரம் வேலை செய்பவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். அறைகளுக்கான நீளமான டி5 குழல்கள் எலெக்ட்ரானிக் சோக்கில்தான் எரியும்.

எத்தனை குழல், எங்கே?

லூமன் என்பது விளக்கிலிருந்து புறப்படும் ஒளி. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் ஒளி. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை என்றால் 12 சதுர மீட்டர். 750 லக்ஸ் வேண்டுமென்றால் 9,000 லூமன் வந்து விழ வேண்டும். சுவரும் கூரையும் சட்டமும் தூசியும் உறிஞ்சியது போகப் பாதிதான் வேலைசெய்யும் இடத்துக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் 18,000 லூமன். ஒரு குழல் 2,500 லூமன் என்றால் ஏழெட்டுக் குழல்கள் தேவை. அறை முழுவதையும் இப்படி ஒளியூட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஈசலையும் (கித்தானை நிறுத்தும் தாங்கி) வண்ணத்தட்டையும் சுற்றி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் போதும் என்றால் கணக்கு 6,000 லூமனுக்கு இறங்கிவிடும். ஈசல் நின்றவாக்கில் இருப்பதால் மேலிருந்து வரும் ஒளி அதன்மேல் சாய்வாகத்தான் படும். அதற்கும் சேர்த்து இரட்டைக் குழல் சட்டம் இரண்டு, அதாவது நான்கு குழல்கள் என்பது நல்ல தொடக்கம். அறையின் மற்ற பகுதிக்கு அதே எண்ணில் ஒற்றைக் குழல் ஒன்று போட்டால் கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் தாவிக்கொண்டிருக்காது.

வெளிச்சம் அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். கித்தானின்மேல் மிகையான ஒளி கொட்டினால் எல்லாம் வெளிறித் தெரியும், கை இருட்டைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தப் படத்தை ஒரு சாதாரண அறையில் மாட்டும்போது இருண்டு கிடக்கும். வண்ணத்தட்டிலும் கித்தானிலும் விழும் ஒளி ஒரே வகையாக மட்டுமின்றி ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். தட்டு நிழலில், கித்தான் வெளிச்சத்தில் என்றால், தட்டில் கலந்த நிறம் கித்தானுக்குப் போனதும் வேறாகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை ஈரமான எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பே பெரிய எதிரி. குழலின் பிரதிபலிப்பு வெள்ளைக் கோடாக விழுந்து அடியில் உள்ள நிறத்தை மறைத்துவிடும். இதற்கு எளிய வழி உண்டு. சின்ன முகக்கண்ணாடி ஒன்றைக் கித்தானின் மேற்பகுதியில் ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக நின்று தீட்டும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் குழல் தெரிந்தால் பளபளப்பு வரும். நடுவிலும் கீழேயும் வைத்துப் பாருங்கள். எங்கும் குழல் தெரியாதவரை விளக்கை மேலேற்றுங்கள், அல்லது கித்தானின் மேல்விளிம்பைச் சற்றே உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அறைகளில் குழல்கள் உங்களுக்குப் பின்னால் இல்லாமல், தலைக்கு மேலே கொஞ்சம் முன்னால், கித்தானுக்கு இணையாக ஓடும்படி இருந்தால் சரியாக அமையும். பின்னால் இருந்தால் உங்கள் நிழலே படத்தில் விழும். வலக்கையால் தீட்டுபவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து சற்று அதிகமாக வருவது நல்லது.

எதிரே ஒரு பூச்சாடியையோ மனிதரையோ வைத்துத் தீட்டுபவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: கித்தானுக்கு நல்லது பொருளுக்கு நல்லதல்ல. கூரை முழுக்க டியூப்லைட் எரியும் அறையில் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து நிழல்களை நிரப்பிவிடும். மூக்கின் வடிவமும் துணியின் மடிப்பும் தட்டையாகிவிடும். வடிவத்தைக் காட்டுவது நிழல்தான். எனவே வரையப்படும் பொருளுக்கு ஒரே திசையிலிருந்து விழும் தனி விளக்கு வையுங்கள். கித்தானின் குழல்கள் அதன்மேல் படாதபடி அட்டையோ துணியோ கொண்டு மறையுங்கள். களிமண் சிற்பம் செய்பவர்களுக்கும், வண்ணத்தைத் தடிமனாக அப்பித் தீட்டுபவர்களுக்கும் டியூப்லைட் மட்டும் போதாது என்பேன்.

சுவரும் ஒரு விளக்குதான். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாகவே வந்து கித்தானில் விழும். வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் பாதுகாப்பானது. கித்தானுக்கு நேர் எதிரே நிற்கும் உங்கள் சட்டையும் அப்படித்தான். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளிர் நிறங்களைத் தீட்டினால் சட்டையின் சாயல் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடி பழையதாகி மஞ்சளித்திருந்தால் 950 குழல் வாங்கியதன் பயன் அங்கேயே வீணாகிவிடும். அதைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகும், கிடைக்காதபோதும்

புதிய குழல் முதல் 100 மணி நேரத்தில்தான் நிலைபெறும். தயாரிப்பாளர்களும் அதற்குப் பிறகே அளக்கிறார்கள். தினமும் ஏற்றிய முதல் சில நிமிடங்களில் வெளிச்சமும் நிறமும் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருக்கும். ஏற்றிவிட்டுத் தட்டைத் தயார்செய்யுங்கள், அதற்குள் சரியாகிவிடும். காலப்போக்கில் பாஸ்பர் தளர்ந்து வெளிச்சம் குறையும். ஒரு குழல் போனால் அதை மட்டும் மாற்றாமல், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் நிறம் ஒன்றுபோல் இருக்கும். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டுச் சற்று நேரம் வெளியே போய்விடுங்கள். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம், அவை பாதரசத்தைப் பரப்பிவிடும். தடித்த அட்டையால் துண்டுகளை வாரி, துகள்களை ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்து, மூடிய ஜாடியில் போடுங்கள்.

பாதரசத்தின் காரணமாகவே டியூப்லைட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 குழல்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர 2023 ஆகஸ்டில் தடை வந்தது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் அதே ஆண்டு கூடி, ஹாலோபாஸ்பேட் குழல்களுக்கு 2026 இறுதியையும் முப்பாஸ்பர் குழல்களுக்கு 2027 இறுதியையும் கெடுவாக வைத்தன. கையில் நல்ல சட்டமும் 950 குழல்களும் இருப்பவர்கள் அவை தீரும்வரை தயங்காமல் பயன்படுத்தலாம். புதிதாக அறை அமைப்பவர்கள் எல்.இ.டி. குழலுக்குப் போவதே சரி.

அங்கேயும் பார்க்க வேண்டியவை இவைதான்: 5,000 கெல்வின், 95ஐ ஒட்டிய ஆர்.ஏ., தனியாகக் குறிப்பிட்ட உயர்ந்த ஆர்9, சிமிட்டல் இல்லாத மின்சுற்று. எல்.இ.டி.யின் நிறமாலை வேறு வகையில் ஓட்டை உள்ளது. நீலத்தில் கூர்மையான உச்சியும் அதை அடுத்து நீலப்பச்சையில் ஒரு பள்ளமும் இருக்கும். மலிவானவற்றில் ஆழ்சிவப்பும் மெலிந்திருக்கும். குறுந்தகட்டை எடுத்துச் சென்று கடையிலேயே பார்க்கலாம். பழைய சட்டத்தில் எல்.இ.டி. குழலை மாட்ட நினைத்தால், அது இருக்கும் சோக்கோடு வேலை செய்யும் வகையா, சோக்கைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டிய வகையா என்று அட்டையில் படித்துவிட்டு, இரண்டாவது வகையென்றால் மின்பணியாளரை வைத்தே மாட்டுங்கள்.